முயல் இல்லாத முயல் வேட்டை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. நான் நிமிஷத்துக்கு நாலு தடவை சொல்ற "அது வந்து", "பாத்தீங்கன்னா" எல்லாத்தையும் முடிந்தவரை வெட்டியிருக்கேன். மாமா பேசினதை மட்டும் அவர் பேசினபடியே விட்டிருக்கேன்.)

"மயிலிக்காக ஒரு மெஷின் செஞ்சிட்டு இருக்கேன், ஓடினா சொல்றேன்"னு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு எபிசோடை முடிச்சிருந்தேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதிப் பேர் டிரெட்மில்னு நினைச்சிருக்கீங்க. ஒருத்தர் தானா சோறு போடுற மெஷினான்னு கேட்டிருந்தார். ரெண்டும் இல்லை. நான் செஞ்சது முயல். பேட்டரியில் ஓடுற முயல்.

புதுசா கேக்கிறவங்களுக்கு: மயிலி எங்க வீட்டுச் சிப்பிப்பாறை நாய். ரெண்டு வயசு, பொட்டை. மயிலை நிறம், அதனால அந்தப் பேர். நான் வாரத்துல அஞ்சு நாளும் தென்காசியில் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன். மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்ததுல இருந்து இந்தப் பக்கம் லேப்டாப்போட உட்கார்ந்திருக்கிறவனை யாரும் "வேலை போயிடுச்சாப்பா"ன்னு கேக்கிறதில்லை, அது ஒரு நிம்மதி. ஆனா நான் மீட்டிங்ல இருக்கிற நேரமெல்லாம் மயிலிக்கு வேலையே இல்லை. ஒரு வருஷத்துல ரெண்டு சார்ஜர், ஒரு மெத்தை, பக்கத்து வீட்டு நாட்டுக்கோழி ரெண்டு. கோழிக்குக் காசு கொடுத்துட்டோம். ஆனா அந்த அக்கா இன்னமும் அம்மாகிட்ட சரியா பேசுறதில்லை.

நாய்ப் பயிற்சி வீடியோ எல்லாம் பார்த்தேன். காலையில் அரை மணி நேரம் வாக்கிங் கூட்டிப் போங்கன்னு சொல்றாங்க. சிப்பிப்பாறைக்கு அரை மணி நேர வாக்கிங்ங்கிறது பசியில் இருக்கிறவனுக்கு ஒரு சுண்டல் பொட்டலம் மாதிரி.

அந்த நாய் எதுக்காக உருவானதுன்னு ஒரு நிமிஷம் பார்க்கணும். விருதுநகர் மாவட்டத்துல இருக்கிற ஒரு ஊர் சிப்பிப்பாறை. அந்தக் கரிசல், செவல் காடுகள்ல சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்ந்தது முக்கியமா முயலுக்காக. இதெல்லாம் மோப்ப நாய் இல்லை, பார்வை நாய். நீளமான மூஞ்சி, ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு. முழு வேகத்துல ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ரெண்டு தடவை நாலு காலும் தரையில் இருக்காது. உடம்பைச் சுருட்டும்போது ஒரு தடவை, நீட்டும்போது ஒரு தடவை. போன்ல ஸ்லோமோஷன் எடுத்துப் பார்த்தப்போதான் இது எனக்கே புரிஞ்சுது. ஓடுறதுன்னு சொல்லக்கூடாது, பாதி நேரம் பறக்குது.

2020 ஆகஸ்டு மாசம் பிரதமர் ரேடியோவில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினார். அதுக்கப்புறம் குட்டிக்கு ஏக கிராக்கி. பெங்களூர் அப்பார்ட்மெண்டுக்கெல்லாம் போச்சு. அங்க அது என்ன பாடு படுத்தும்னு யாரும் சொல்லலை போல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2018ல, 'பரியேறும் பெருமாள்' வந்தப்போதான் நாயை வச்சு வேட்டைக்குப் போறதுன்னா என்னன்னு ஊர்ப்பக்கம் அறியாதவங்க பார்த்தாங்க. கருப்பியை மறக்க முடியாது. நாய் யார் கையில் இருக்குங்கிறது எங்க பக்கம் வெறும் நாய் விஷயம் இல்லைன்னு அந்தப் படம் முதல் பத்து நிமிஷத்துல சொல்லிடுது. நான் அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை.

இப்ப மாமா. அம்மாவோட தம்பி. சுரண்டை போற பக்கம் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கு. எனக்குப் பதினோரு வயசு இருக்கும்போது ஒரு மார்கழி விடியக்காலம் என்னைக் கூட்டிட்டுப் போனார். அவர்கிட்ட அப்ப வீரன்னு ஒரு நாய், செவலை. ஏன் மார்கழின்னா, பகல்ல கூட நாய்க்கு மூச்சு முட்டாது. மழை பெஞ்சு காடெல்லாம் பசுமை, முயல் நல்லா மேஞ்சிருக்கும். அப்புறம் பனி. எங்க ஊர் முயல் வளை தோண்டாது. பனி விழுற காலையில் காஞ்ச மேட்டுல ஒரு செடி மறைவுல அப்படியே ஒட்டிப் படுத்திருக்கும், கிட்டத்தட்ட மிதிக்கிற தூரம் வரைக்கும் எந்திரிக்காது. இதெல்லாம் மாமா எனக்கு நடந்துக்கிட்டே சொன்னது. புழுக்கையைப் பார்த்து இது ராத்திரி போட்டதா முந்தாநாள் போட்டதான்னு சொல்வார். புல்லு நுனி எந்தப் பக்கம் கடிபட்டிருக்குன்னு பார்ப்பார். நான் அன்னைக்கு அவரை ஷெர்லாக் ஹோம்ஸ் ரேஞ்சுல பார்த்துட்டு இருந்தேன்.

அப்புறம் ஒண்ணு எந்திரிச்சுது. வீரன் விட்டான். அந்த ஓட்டம் ஒரு முப்பது செகண்டுதான் இருக்கும், என் வாழ்க்கையில் அவ்வளவு அழகா ஒண்ணைப் பார்த்ததில்லை. முயல் நேரா ஓடாது. நாயோட மூஞ்சி வாலைத் தொடப்போற நேரத்துல சட்டுனு திரும்பும், நாய் வேகத்துல பத்தடி தாண்டிப் போயிடும். மறுபடி நெருங்கும், மறுபடி திரும்பும். நாலாவது திருப்பத்துல பிடிச்சுட்டான். அப்ப அந்த முயல் கத்துச்சு. முயல் கத்தும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பச்சைக் குழந்தை கத்துற மாதிரி இருந்தது. வீட்டில் மிளகு போட்டு வறுத்தாங்க, நான் சாப்பிடலை. மாமா அதைக் கவனிச்சார். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

அது அன்னைக்கே குற்றம்தான். 1972ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முயலும் இருக்கு. முன்னாடி நாலாவது அட்டவணை, 2022 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டாவது அட்டவணை. இன்னொண்ணு, நான் இந்த எபிசோடுக்காக அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படிச்சேன். வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்லையாம். பிடிக்கிறது, கண்ணி வைக்கிறது, நாயை விட்டுத் துரத்துறது, அதுக்கு முயற்சி பண்றது, எல்லாமே வேட்டைதான். முயல் தப்பிச்சுப் போயிடுச்சு சார்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பாரி வேட்டைன்னு ஊரே கூடிப் போறதும், சேலம், தருமபுரி பக்கம் பொங்கலுக்கு முயல் வேட்டைக்குக் கிளம்புறதும் இதுல அடக்கம்.

மாமா நிறுத்தினதுக்குச் சட்டம் பாதிக் காரணம். பக்கத்து ஊர்ல ரெண்டு பேர் மாட்டி, அபராதம் கட்டி, பைக்கும் போச்சு. மீதிக் காரணம் வீரன். மாமா நிலத்துக்குப் பக்கத்துல இருந்த காட்டைப் பிளாட்டுப் போட்டு முள்கம்பி கட்டிட்டாங்க. முதல் நாள் மத்தியானம் கட்டின கம்பி, மறுநாள் விடியக்காலம் வீரனுக்கு எப்படித் தெரியும்? முழு வேகத்துல போய் நெஞ்சுல வாங்கினான். தையல் போட்டும் மூணு நாள்தான் இருந்தான். அதுக்கப்புறம் மாமா நாயே வளர்க்கலை. மயிலியை நான் வாங்கிட்டு வந்த அன்னைக்கு வந்து பார்த்தார், பல்லைப் பார்த்தார், பின்னங்காலை நீவிப் பார்த்தார். "நல்ல ஜாதி. என்னத்துக்கு வாங்குன? கட்டிப் போடதுக்கா?" அவ்வளவுதான் கேட்டார்.

இந்தக் கேள்விதான் ஒரு வருஷமா என் தலைக்குள்ள ஓடிட்டு இருந்தது.

எங்க டீம்ல இங்கிலாந்துல இருந்து வேலை பார்க்கிற ஒருத்தர் இருக்கார். ஒரு திங்கக்கிழமை மீட்டிங்குக்குக் கையெல்லாம் கீறலோட வந்தார். என்னன்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை அவரை நாய்கள் வேட்டையாடுச்சாம். நிஜமாத்தான். அங்க குளிர்காலத்துல இப்படி ஒண்ணு பண்றாங்க: ஒரு ஆள் முன்னாடி ஓடிடுவான், அவன் உடம்பு வாசனையைப் பிடிச்சு பிளட்ஹவுண்ட் நாய்கள் வரும், பின்னாடி குதிரையில் ஆட்கள். கடைசியில் நாய் வந்து பிடிச்சா கடிக்காது, மூஞ்சியை நக்கும். கீறல் வேலியில் விழுந்ததாம். அங்க 2004ல வேட்டைச் சட்டம் போட்டு, 2005ல இருந்து நாயை வச்சு நரி, முயல் வேட்டையாடுறதைத் தடை பண்ணிட்டாங்க. அதுக்கு மாத்தா பல பேர் நரி வாசனையைத் தரையில் இழுத்துட்டுப் போய் அதை நாய் தொடர்ற மாதிரி பண்றாங்க. ஆனா அந்த வாசனையைத் தொடர்றோம்னு சொல்லிட்டு நிஜ நரியைத் துரத்துறதா ஊரெல்லாம் சண்டை, அதையும் தடை பண்ணணும்னு பேச்சு. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, எனக்கு அப்புறம் தேவைப்பட்டுச்சு.

மயிலி மோப்ப நாய் இல்லை, அதனால நான் ஓடினா அவ என்னைத் தேட மாட்டா, சும்மா கூடவே வருவா. பார்வை நாய்க்கு என்ன இருக்குன்னு தேடினப்போ கிடைச்சதுதான் லூர் கோர்சிங். 1970களோட ஆரம்பத்துல கலிபோர்னியாவில் லைல் ஜில்லெட்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. ஏன் ஆரம்பிச்சார்னு படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முயலைத் துரத்தின நாய்கள் முள்கம்பி வேலியில் மாட்டிக் கிழிஞ்சுது, அதைப் பார்க்கப் பொறுக்காம. அதுக்கு அங்க ஒரு சங்கம் அமைஞ்சது 1972ல. நம்ம சட்டம் வந்த அதே வருஷம்.

விஷயம் எளிமையானதுதான். வயல்ல முளை அடிச்சு, முளைக்கு ஒரு கப்பி, அதைச் சுத்தி ஒரு நீள நூல். நூல்ல ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை. ஒரு மோட்டார் நூலை இழுக்கும், பை வயல்ல வளைஞ்சு வளைஞ்சு பறக்கும், நாய் துரத்தும். அவ்வளவுதான் முயல்.

அங்க பல பேர் காரோட ஸ்டார்டர் மோட்டாரை வச்சுப் பண்றாங்கன்னு படிச்சு, பழைய இரும்புக் கடையில் ஒண்ணு வாங்கினேன். தொடர்ந்து ஓட விட்டுப் பார்த்தேன், அஞ்சாவது நிமிஷம் புகை. ஸ்டார்டர் மோட்டார் சில செகண்டு ஓடி நிக்கிறதுக்குன்னு செஞ்சது, அதை இப்படி ஓட விட்டது என் தப்பு. அப்புறம் ஒரு பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல இருந்து 48 வோல்ட் மோட்டாரும் கன்ட்ரோலரும் எடுத்து, சைக்கிள் ரிம்மை டயர் இல்லாம மாட்டினேன். 26 இஞ்ச் சைக்கிள் ரிம்மோட சுற்றளவு சுமார் 1.75 மீட்டர். நாயை மணிக்கு 50 கிலோமீட்டர்ல இழுக்கணும்னா நிமிஷத்துக்கு 475 சுத்து வேணும். கணக்கு ரொம்பச் சுலபம். பிளாஸ்டிக் பைதான் கஷ்டம்! 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல தடை. முயலும் தடை, முயலுக்குப் பதிலா வச்ச பையும் தடை. கடைசியில் மாமா வீட்டு வெள்ளை உரச் சாக்கைக் கீறி, குஞ்சம் மாதிரி கட்டினேன். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் ஒழுங்காத் தெரியும், சிவப்பும் பச்சையும் பிரியாது. செவல் மண்ணுல வெள்ளை பளிச்சுன்னு நிக்கும்.

பிசானம் நெல்லு நிக்கிற நேரம், அதனால வயல் கிடைக்காது. பிளாட்டுப் போட்டு விக்காம கிடந்த ஒரு தரிசு, ஒரு நாலு ஏக்கர், கேட்டு வாங்கினோம். வேலி இல்லை. நட்டிருந்த எல்லைக்கல்லுக்கெல்லாம் டயர் மாட்டி விட்டேன்.

முதல் நாள். மார்கழி, ஞாயிறு, காலை ஆறு. மேற்க மலைத் தலையில் மேகம், வாடைக்காத்து, குற்றாலத்துக்குப் போற ஐயப்ப சாமிகள் வண்டியில் இருந்து பாட்டுச் சத்தம். மாமா தலையில் துண்டு கட்டிட்டு வந்து நின்னார். நான் மெஷினை ஆன் பண்ணேன். சாக்கு சல்லுனு போச்சு. மயிலி அதைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. அப்புறம் உட்கார்ந்து காதைச் சொறிஞ்சா.

"சாக்கப் பாத்து நாய் ஓடுமால? அது என்ன கோட்டியா?"ன்னார் மாமா.

ரெண்டாவது தடவை, சாக்கை அவ மூக்குக்கு முன்னாடி கொண்டுவந்து நிறுத்தி, விட்டு விட்டு ஒரு ரெண்டு அடி வெட்டி இழுத்தேன். அந்த வெட்டுல என்னமோ இருக்கு. மயிலி உடம்பு மாறினதைப் பார்த்தேன். காது பின்னாடி போச்சு, முதுகு தாழ்ந்துச்சு. விட்டேன். மக்களே, அந்த முப்பது செகண்டு எனக்குத் திரும்பக் கிடைச்சுது. பதினோரு வயசுல பார்த்த அதே ஓட்டம். கடைசியில் சாக்கைக் கவ்வி உலுக்கிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுட்டு வந்தா. யாரும் கத்தலை.

இங்கேயே முடிச்சா நல்ல எபிசோடு. ஆனா மூணாவது ஓட்டத்துல, ரெண்டாவது திருப்பத்துக்கிட்ட, ஒரு காஞ்ச ஆவாரஞ் செடி அடியில் இருந்து நிஜ முயல் எந்திரிச்சுது.

மயிலி யோசிக்கவே இல்லை. சாக்கை விட்டுட்டா. நான் பேர் சொல்லிக் கத்துறேன், விசிலடிக்கிறேன், ஒண்ணும் கேக்கலை. தரிசு முடியுற இடத்துல சீமைக் கருவேலம் புதர். முயல் அதுக்குள்ள போச்சு, மயிலியும் போனா. நான் அந்தப் பக்கம் ஓடினேன், என் மனசுல வீரன் நெஞ்சுதான். ஒரு ரெண்டு நிமிஷம் கழிச்சு வெளியே வந்தா. வாயில் ஒண்ணும் இல்லை. காது கிழிஞ்சு ரத்தம்.

திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் சிரிச்சுட்டு இருந்தார். அந்த மாதிரி அவர் சிரிச்சு வருஷக்கணக்கா ஆச்சு. இன்னொண்ணும் சொல்லிடணும், முயல் எந்திரிச்ச அந்த முதல் செகண்டு எனக்கும் உள்ளுக்குள்ள ஜிவ்வுனு ஏறுச்சு. பிடின்னுதான் மனசு சொன்னது. அப்புறம்தான் மத்ததெல்லாம் ஞாபகம் வந்துச்சு. சட்டம், அந்தக் கத்தல். வேணும்னு நாயை விடலை, அது உண்மை. ஆனா அடுத்த ஞாயிறும் இதே இடத்துல இப்படியே நடந்தா? இங்கிலாந்துல வாசனையைத் தொடர்றோம்னு சொல்றவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அன்னைக்கு ராத்திரி மாமாவும் நானும் பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிடப் போனோம். மிளகுக் கோழி, காடை எல்லாம் வந்துச்சு. மாமா மெதுவா ஆரம்பிச்சார். "மருமவனே, கெழக்காட்டுல ராத்திரி ஒரு ஆளு கெடையாது. ஒரே ஒரு நா. மயிலிய ஏங்கூட அனுப்பு."

முடியாதுன்னேன்.

"ஏம்?"

சட்டம்னு சொன்னேன். முன்ன மாதிரி முயல் இல்லைன்னு நீங்களே சொல்றீங்களேன்னு சொன்னேன். அவர் தட்டைக் காட்டினார். "கோழி திங்க, காடை திங்க. கூண்டுக்குள்ளயே பொறந்து கூண்டுக்குள்ளயே செத்தது இது. முயலு அப்பிடியா? ஓடித் தப்பிக்கதுக்கு அதுக்கு வழி உண்டு. பத்துல ஏழு தப்பிச்சிரும். இதுல எது பாவம்னு நீயே சொல்லு. படிச்சவன்லா."

எனக்குப் பதில் வரலை. இப்பவும் முழுசா இல்லை. கோழியைப் பத்தி அவர் சொன்னது சரிதான். ஆனா அந்தக் கோழிக்காக முயலையும் சேர்த்துக்கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. "நான் அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேக்க மாட்டேன் மாமா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. பில்லை அவரே கொடுத்தார். ரெண்டு வாரம் போன் இல்லை. அம்மாதான் நடுவுல, "எந்தம்பிய என்னல சொன்ன?"ன்னு தினமும் கேட்டுட்டு இருந்தாங்க.

அந்த ரெண்டு வாரமும் நான் தனியாத்தான் ஓட்டினேன், அப்ப வேற பிரச்சினை வந்துச்சு. மயிலி புரிஞ்சுக்கிட்டா. அஞ்சாவது ஓட்டத்துல சாக்கு பின்னாடி போறதை விட்டுட்டு, வட்டத்தைக் குறுக்கே வெட்டி, சாக்கு எங்க வரும்னு தெரிஞ்சு அங்க போய் நின்னு பிடிச்சா. ரொம்பப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஆனா விளையாட்டு முடிஞ்சுபோச்சு. நான் என்ன பண்ணேன்னா, எனக்குத் தெரிஞ்சதைப் பண்ணேன்: கோடு எழுதினேன். ஒரு சின்ன போர்டு வச்சு மோட்டார் வேகம் தன்னிச்சையா மாறுற மாதிரி. எப்ப வேகம் கூடும், எப்ப குறையும்னு எனக்கே தெரியாது. மயிலி ரெண்டு ஓட்டம் ஏமாந்தா, மூணாவதுல பாதியில் நின்னுட்டா. தன்னிச்சையா மாறுறது முயல் மாதிரி இல்லை, கெட்டுப்போன மெஷின் மாதிரிதான் இருந்தது.

மூணாவது ஞாயிறு மாமா வந்தார். கூப்பிடலை, அவரா வந்தார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிட்டுப் பார்த்தார். "முயலு இப்பிடிப் போவாது. தள்ளு"ன்னார்.

கோடைத் தூக்கிட்டு ஸ்கூட்டர் திராட்டிலை அவர் கையில் கொடுத்தேன். முதல் ரெண்டு தடவை கை பழகலை, சாக்கு பாட்டுக்கு எங்கேயோ போயிடுச்சு. அப்புறம் பிடிச்சார் பாருங்க. மயிலி நெருங்குற வரைக்கும் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தளர விடுறார். அவ வாய் திறக்கப்போற நேரத்துல ஒரு வெட்டு. திருப்பத்துக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சு, திருப்பம் தாண்டினதும் அள்ளிட்டுப் போறார். "இங்கன அது மூச்சு வாங்கும். இங்கன திரும்பும். இப்ப நாயி தாண்டிப் போயிரும், அப்ப அது நிதானமாத்தான் போவும், வேர்வையச் சிந்தாது"ன்னு தனக்குத்தானே சொல்லிட்டே ஓட்டுறார். கண்ணு சாக்குல இல்லை, மயிலி தோள்ல இருந்துச்சு. கப்பிகளையும் வாராவாரம் அவரே இடம் மாத்தி அடிக்கிறார், அதனால குறுக்கே வெட்ட மயிலிக்கு வழி தெரியலை.

நிஜ முயல் பிரச்சினைக்கும் அவர்தான் வழி. நாயை இறக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அவர் தரிசு முழுக்க நடந்து பார்த்துடுவார். புழுக்கை, புல்லு நுனி, படுத்த தடம். இருந்தா மெதுவா கைதட்டி எழுப்பி வெளியே அனுப்பிடுவார், இல்லைன்னா அன்னைக்கு அந்தப் பக்கம் நூலைக் கட்டமாட்டார். கருவேலம் பக்கத்துல பச்சை வலை கட்டிட்டோம். அந்த நாளுக்கப்புறம் ஒரு தடவை கூட ஓட்டத்துக்கு நடுவுல முயல் எந்திரிக்கலை.

மேலகரத்துக்காரர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு நம்ம குறவஞ்சியை ஞாபகப்படுத்தினார். திரிகூடராசப்பக் கவிராயர் எழுதின குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வச்சுப் பறவை பிடிக்க வருவான், ஆனா மனசெல்லாம் சிங்கி மேல. பறவையெல்லாம் பறந்து போயிடும். பிடிக்காத வேட்டைக்கு எங்க ஊர்ல முந்நூறு வருஷ அனுபவம் இருக்குன்னார். நல்லா சிரிச்சேன்.

இப்ப ஞாயிறு காலையில் நாலஞ்சு நாய் வருது. ரெண்டு கன்னி, ஒரு ராஜபாளையம், செங்கோட்டையில் இருந்து ஒரு கலப்பு நாய், அது சாக்கைத் துரத்துறதை விட மத்த நாயைத் துரத்துறதுலதான் குறி. அதனால ஒவ்வொண்ணா தனியா விடுறோம். பந்தயமா வைக்கலாமே, காசு வைக்கலாமேன்னு கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. மாமா பேசின விதத்துல திரும்பி வரலை.

நீங்க முயற்சி பண்றதா இருந்தா ரெண்டு விஷயம். நூல்தான் ஆபத்து. ஓடுற நூல் நாய்க் காலில் பட்டா கத்தி மாதிரி அறுக்கும், நான் வெறுங்கையில் தொட்டு எனக்கே உள்ளங்கையில் தழும்பு இருக்கு. நாய் நூல் மேல வந்துட்டா யோசிக்காம மோட்டாரை நிறுத்துங்க. ரெண்டாவது, சூடு. நாயோட சாதாரண உடம்புச் சூடு 38லிருந்து 39 டிகிரி செல்சியஸ். மயிலிக்கு ரெண்டு ஓட்டம் முடிஞ்சு பார்த்தா 41.1. அடிவயிறு, தொடை இடுக்குல தண்ணி ஊத்தி நிழல்ல நடக்க விட்டு, 15 நிமிஷம் கழிச்சுத்தான் 39.5க்கு வந்துச்சு. அதனால ஒரு நாளைக்கு ரெண்டு ஓட்டத்துக்கு மேல கிடையாது, அதுவும் ஏழரை மணிக்குள்ள. ஒரு வயசு ஆகாத குட்டியை விடவே விடாதீங்க, எலும்பு முத்தியிருக்காது. தை முடிஞ்சா மெஷினை மூடி வச்சுடுவோம். மாசி வெயில்ல இது சித்திரவதை.

சார்ஜர் கடிக்கிறது நின்னுடுச்சான்னு கேப்பீங்க. நின்னுடுச்சு. கோழி விஷயத்துல உத்தரவாதம் கொடுக்க முடியாது.

போன ஞாயிறு அஞ்சே கால் மணிக்கு மாமா போன். நான் ஷூ மாட்டிட்டு இருக்கேன், மயிலி வாசல்ல நிக்கிறா. "ஏல, வராத. வடக்கு மூலையில ஒண்ணு குட்டி போட்டுருக்கு. ரெண்டு குஞ்சு. கண்ணு தொறந்துதான் கெடக்கு"ன்னார். சரி மாமா, அப்ப அடுத்த வாரம் தெக்கால கட்டுவோமான்னேன். "இந்த மாசம் கெடையாது. வேற தரிசு பாரு"ன்னு வச்சுட்டார்.

அதனால தென்காசி சுரண்டை ரோட்டுல, வேலி போடாத, கல்லு இல்லாத மூணு நாலு ஏக்கர் தரிசு யார்கிட்டயாவது இருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. வாடகையா பார்டர் பரோட்டா வாங்கித் தர்றேன். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.